கொம்பு முளைத்த விசில்

"காசு வாங்கியிருக்கான் மாமா. மூஞ்சியைப் பாருங்க, கழுவித் துடைச்ச தட்டு மாதிரி இருக்கு" என்றாள் ஒர்னெல்லா.

"காசு வாங்கினவன் மூஞ்சி அப்படி இருக்காது."

"பின்னே?"

"சாப்பிட்ட தட்டு மாதிரி இருக்கும்."

இத்தாலியில் எங்கள் போர்தோலுங்கோ ஊரின் கூடைப்பந்து அரங்கம் அன்று ஞாயிற்றுக்கிழமை மாலை பொங்கி வழிந்தது. சிகரெட் புகை கூரையைத் தொட்டுத் திரும்பி எங்கள் தலைமேல் உட்கார்ந்திருந்தது. இன்றைக்குத் தோற்றால் உள்ளூர் அணி அடுத்த வருஷம் இரண்டாம் பிரிவில் ஆட வேண்டும். ஊரில் நடக்க முடிந்த எல்லாரும் வந்திருந்தார்கள். நடக்க முடியாத ஒருவரைக் கட்டிலோடு தூக்கி வந்து கூடைக்குப் பின்னால் போட்டிருந்தார்கள்.

நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது ஆட்டத்தை அல்ல, நடுவரை. பெயர் சவெல்லி. ஐம்பதை நெருங்கிய, ஒல்லியான, நெட்டை மனிதர். இருபது வருஷமாக இந்த நாட்டின் அரங்கங்களில் அவருக்குப் பெயர் 'சுவர்'. உள்ளூர் கத்தினாலும் வெளியூர் அழுதாலும் சுவர் அசையாது. அந்தச் சுவர் பிப்ரவரி மாதத்திலிருந்து ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியிருந்தது. அவர் போகிற ஊரிலெல்லாம் உள்ளூர் அணிக்கே விசில். சந்தேகமான எந்த மோதலும் உள்ளூருக்கே சாதகம்.

எங்களை அமர்த்தியவர் நடுவர் கமிட்டித் தலைவர் தெ பியாஸி. எதிர்வரிசையில் ஒட்டகநிறக் கோட்டும் தொப்பியுமாக உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் அவர் சொன்னது இதுதான்: "நாளை ஆட்டம் முடியறதுக்குள்ள எனக்குப் பதில் வேணும். வாங்கினானா, வாங்கலையா? பதில் இல்லேன்னா உடை மாத்துற அறையிலேயே அவன் விசிலைப் பிடுங்கிடுவேன். அப்புறம் அவன் வாழ்நாள்ல பள்ளிக்கூடத்துப் பசங்க ஆட்டத்துக்குக்கூட ஊத முடியாது."

ஒர்னெல்லாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் மகனுக்கு மனைவியாக இருந்தவள். அவனை விவாகரத்து செய்துவிட்டாள். அதில் அவள்மேல் எனக்குக் குறை இல்லை. என் மகனை எனக்கும் தெரியும். அவனை விட்டவள் என்னை விடவில்லை. எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது, அவளுக்கு வாயை மூடத் தெரியாது. அப்படி இரண்டு பேரும் சேர்ந்து துப்பறியும் தொழில் செய்கிறோம். அதற்கு முன்பு நான் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். நான் யாரையும் நம்புவதில்லை என்றால் அது அந்த வேலை கொடுத்த வரம்.

விசில் கேட்டது. உள்ளூர்க்காரன் கஸாலி, பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நின்றுகொண்டிருந்த எதிராளியின் மேல் மாடு மாதிரி பாய்ந்திருந்தான். எதிராளி மல்லாந்து கிடந்தான். சவெல்லி கையை உயர்த்தினார். ஃபவுல், மல்லாந்து கிடந்தவன்மேல்.

"சரிதான், கஸாலி போற வழியில தரை மேல ஏன் படுத்தான்?" என்றாள் ஒர்னெல்லா.

விசில் தங்கள் பக்கம் என்றதும், கத்திக்கொண்டிருந்த கூட்டம் ஒரு நிமிஷம் அடங்கிச் சிரித்தது. பிறகு மறுபடி ஆரம்பித்தது.

"கொம்பன்! கொம்பன்! ரெஃப்ரி கொம்பன்!"

நாலாயிரம் கைகள் மேலே போயின. ஆள்காட்டி விரலும் சுண்டு விரலும் நீட்டி, மற்றதை மடக்கி. பெண்டாட்டி வேறொருவனோடு போனால் புருஷன் தலையில் கொம்பு முளைக்கும் என்பது எங்கள் நாட்டுக் கணக்கு. நடுவராக வந்தவனுக்கு அது வேலையோடு சேர்ந்தே முளைக்கும் என்பது அரங்கத்துக் கணக்கு. யாரும் எதையும் மனதில் வைத்துச் சொல்வதில்லை. எங்களுக்கு முன்வரிசையில் ஒரு பாதிரியார் இரண்டு கையாலும் கொம்பு காட்டிக்கொண்டிருந்தார்.

"எல்லா ஊரும் சேர்ந்து காசு போட்டிருக்குமோ மாமா? வடக்கு, தெற்கு, தீவு எல்லாம்?"

"மூணு இத்தாலியன் சேர்ந்து மூணு காபிக்குச் சண்டை இல்லாம காசு போட்டதைப் பார்த்திருக்கியா?"

"இல்லை."

"அப்போ அதை விடு."

அதுதான் இந்த வழக்கில் என்னை உறுத்தியது. லஞ்சம் என்றால் ஒரு கை கொடுக்க வேண்டும், ஒரு கை வாங்க வேண்டும். இத்தனை ஊர்க் கைகள் ஒரே பையில் நுழையாது. பயம் என்றும் சொல்ல முடியவில்லை. கூட்டம் அவரைப் பயமுறுத்துகிறது, சத்தம் தாங்காமல் உள்ளூர் பக்கம் சாய்கிறார் என்று தெ பியாஸி ஒரு கதை வைத்திருந்தார். அதற்கும் ஒரு ஓட்டை இருந்தது. போன மாதம் வடக்கே, மலையடிவாரத்தில் ஜெர்மன் பேசும் ஊரில் ஓர் ஆட்டம்; அவரைக் கவனிக்க நாங்களும் போயிருந்தோம். அங்கே அணி அணியாக மாட்டு மணியைக் கொண்டுவந்து ஆட்டினார்கள். மூன்று நாள் என் காதில் மாடு மேய்ந்தது. அந்த இரைச்சலில் சவெல்லி ஒரு பிசகு இல்லாமல் ஊதினார். உள்ளூர் தோற்றது.

"அங்கே மட்டும் ஏன் நேரா ஊதினான்?" என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

"அங்கே திட்டினதே அவருக்குப் புரிஞ்சிருக்காது" என்றாள் ஒர்னெல்லா, வேர்க்கடலையை உரித்துக்கொண்டே. "என் பக்கத்துல ஒரு கிழவன் தொண்டை கிழியக் கத்தினான். திட்டுறானா, வீட்டுக்கு வழி கேக்குறானான்னு எனக்கே தெரியல. கடலை வேணுமான்னு நீட்டினேன். எடுத்துக்கிட்டுத் தொடர்ந்து கத்தினான்."

நான் அவள் கையைப் பிடித்தேன்.

"என்ன சொன்னே?"

"கடலை வேணுமான்னு."

"அதுக்கு முன்னால."

அவளுக்கும் புரிந்துவிட்டது. கடலை வாய்க்குப் போகாமல் நின்றது.

"சத்தம் இல்ல மாமா. வார்த்தை."

"வார்த்தைதான். எந்த வார்த்தைன்னு பார்த்துடலாம். எழுந்திரு."

கூடைக்குப் பின்னால், கம்பி வேலியின் மேல் ஒரு கையும் ஒலிபெருக்கியின் மேல் ஒரு கையுமாக நின்றிருந்தான் சீஸ்தோ. கசாப்புக் கடைக்காரன். உள்ளூர் ரசிகர் படைக்குத் தலைவன். அவன் ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்து நிற்பான். அவன் கை அசைந்தால் நாலாயிரம் வாய் திறக்கும். வருஷக்கணக்காக ஓர் ஆட்டமும் தவறவிடாதவன், ஓர் ஆட்டமும் பார்க்காதவன்.

ஒர்னெல்லா அவன் காதருகே போனாள்.

"அண்ணே, எதிர்ப்பக்கம் ஒட்டகநிறக் கோட்டு தெரியுதா? கமிட்டித் தலைவர்."

"தெரியுது. அந்தக் கோட்டைப் போட்டதுக்கே ஒரு உதை கொடுக்கலாம்."

"ஒரு வார்த்தையைக் கேட்டா அரங்கத்தைப் பூட்டிடுவாராம். அதுக்காகவே வந்திருக்கார்."

"என்ன வார்த்தை?"

"கொம்பன்."

சீஸ்தோ உண்மையாகவே திகைத்துப்போனான். "அது எங்கே தாயி திட்டு? அது ரெஃப்ரிக்குச் சொல்ற வணக்கம். எங்கப்பா எனக்கு 'அப்பா'ன்னு சொல்லக் கத்துக்கொடுக்கறதுக்கு முன்னாடி இதைக் கத்துக்கொடுத்தார்."

"சட்டம் மாறிப்போச்சு" என்றேன் நான்.

"இந்தப் பெரியவர் யாரு?"

"சட்டம் தெரிஞ்சவர்" என்றாள் ஒர்னெல்லா. நான் நாலாம் வகுப்பைத் தாண்டாதவன்.

"அப்போ நாங்க என்னத்தைத்தான் சொல்றது?"

"திருடன்னு சொல்லுங்க."

"திருடனா?" சீஸ்தோ துப்பினான். "இந்த நாட்டுல அதைச் சொன்னா மந்திரி ஆயிட்டோமோன்னு நினைச்சுக்குவான்."

ஆனாலும் அரங்கம் பூட்டப்படும் என்ற பயம் வேலை செய்தது. அவன் ஒலிபெருக்கியை எடுத்தான், கையை மேலிருந்து கீழே வெட்டினான். கொம்பெல்லாம் மடங்கியது. ஒரு மூச்சு இழுத்து நாலாயிரம் பேரும் மாற்றிப் பாடினார்கள்.

"திருடன்! திருடன்! ரெஃப்ரி திருடன்!"

சத்தம் குறையவில்லை. சொல்லப்போனால் புதுப்பாட்டு என்பதால் கூடியது. நான் சவெல்லியின் தோளைப் பார்த்தேன். காதுவரை ஏறியிருந்த தோள், ஆணியில் மாட்டியிருந்த சட்டை கழன்றதுபோல் இறங்கியது.

அடுத்த தடவை கஸாலி மாடு மாதிரி பாய்ந்தபோது விசில் அடித்தது. ஃபவுல் கஸாலிமேல்.

அரங்கம் அலறியது. திருடன், கொள்ளைக்காரன், பிக்பாக்கெட், வரி வசூல்காரன். சவெல்லி காதில் வாங்கவே இல்லை. உள்ளூரின் அமெரிக்க ஆட்டக்காரன் ஹோலிஸ், இரண்டு ஆள் உயரம், பந்தைத் தரையில் தட்டாமல் நாலு எட்டு நடந்தான். முன்பென்றால் அதை நடனம் என்று விட்டிருப்பார். விசில். பந்து எதிரணிக்கு. கைக்கு அடங்கியிருந்த ஆட்டம் நழுவத் தொடங்கியது.

"எப்படிப் போகுது?" என்று சீஸ்தோ தோளுக்கு மேலாகக் கேட்டான்.

"அமோகமா போகுது" என்றாள் ஒர்னெல்லா.

ஆனால் அவனுக்கு எதிரே நிற்கும் முகங்கள் பொய் சொல்லவில்லை. முன்வரிசைப் பாதிரியார் தலையில் கையை வைத்துக்கொண்டிருந்தார். சீஸ்தோ மெதுவாகத் திரும்பினான். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு முதன்முறையாக ஆடுகளத்தையும் பாயிண்ட் பலகையையும் பார்த்தான். முன்னால் போய்க்கொண்டிருந்த அணி ஒன்பது பாயிண்ட் பின்னால் கிடந்தது.

"ஐயோ, இதுதான் பாக்குற லட்சணமா? இத்தனை வருஷம் முதுகைக் காட்டினதே நல்லது" என்றான். பிறகு எங்களைப் பார்த்தான். பிறகு முரசடிக்கும் கட்டையைப் பார்த்தான்.

"ஓடலாமா மாமா?"

"நடக்கலாம். ஓடினா தப்பு பண்ணின மாதிரி இருக்கும்."

ஓடினோம். பின்னால் அரைநேர மணி அடித்தது.

உடை மாற்றும் அறைகளுக்குப் போகும் சந்தில் ஒரு போலீஸ்காரன் நின்றிருந்தான். தெ பியாஸி கொடுத்திருந்த அட்டையைக் காட்டினோம். சந்தின் கோடியில், சுவரில் மாட்டிய டோக்கன் போனில் சவெல்லி ரிசீவரைக் காதில் ஒட்டிக்கொண்டு நின்றார். பேசவில்லை. வெகுநேரம் கேட்டார். பிறகு ரிசீவரை மாட்டினார். டோக்கன் கிணிங் என்று கீழே விழுந்தது. மறுமுனையில் யாரும் எடுக்காவிட்டால் போன் டோக்கனைத் திருப்பித் தந்துவிடும்.

"வீட்டுல யாரும் எடுக்கலையா?" என்று கேட்டேன்.

அவர் சட்டென்று திரும்பினார்.

"உங்களுக்கும் தெரியுமா?"

அவ்வளவுதான். டிக்கெட் எடுக்காதவன் இப்படித்தான். நாம் டிக்கெட்டைக் கேட்பதற்கு முன்பே தொலைந்த இடத்தைச் சொல்லுவான்.

"என்ன தெரியும்?"

"என்னவா? மேல நாலாயிரம் பேர் சொல்றாங்களே! போன வாரம் வேற ஊர்ல ஐயாயிரம் பேர் சொன்னாங்க. தீவுல போய் இறங்கினா அங்கேயும் தெரிஞ்சிருக்கு." அவர் சுவரோரப் பலகையில் உட்கார்ந்தார். "நீங்க யாரு?"

"நீங்க காசு வாங்கினீங்களான்னு பார்க்க வந்தவன். வாங்கலைன்னு இப்பத்தான் தெரிஞ்சுது. ஆட்டம் முடியறதுக்குள்ள அதை உங்க தலைவருக்குப் புரியவைக்கலைன்னா உங்க விசில் போயிடும். அதனால ஒளிக்காம சொல்லுங்க."

விசில் என்றதும் அவர் கை கழுத்துக்குப் போய் அதைப் பிடித்துக்கொண்டது. சொல்லத் தொடங்கினார்.

"இருபது வருஷமா சொன்னாங்க. சும்மா சொல்றாங்கன்னு விட்டேன். சும்மாதானே சொன்னாங்க? பிப்ரவரில ஒருநாள் அரைநேரத்துல வீட்டுக்குப் போன் போட்டேன். புரூனா எடுக்கல. அடுத்த ஞாயிறும் எடுக்கல. நான் ஊர்ல இல்லாத ஒவ்வொரு ஞாயிறும் அவ வீட்டுல இல்ல. திரும்பிப் போய்க் கேட்டா, 'தூங்கிட்டேன், கேக்கல'ங்கிறா. அதுக்கப்புறம் ஆடுகளத்துல நிக்கிறேன், அந்த வார்த்தை வருது. இது சும்மா இல்ல, இவங்களுக்குத் தெரியும்னு தோணுது."

"அதனால?" என்றாள் ஒர்னெல்லா.

"உள்ளூர்க்காரங்களுக்கு ஒரு ஃபவுல் கொடுத்தா கொஞ்ச நேரம் நிறுத்துறாங்க அம்மா. அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு மூச்சுவிட வேணும்."

நான் கேட்டேன்: "வேற ஏதாவது அடையாளம்?"

"திங்கட்கிழமை காலையில அவளுக்குக் குரலே இருக்காது. தொண்டை அடைச்சு, கன்னம் சிவந்து, ரொம்ப சந்தோஷமா இருக்கா. அடுப்புல காபி வச்சுட்டுப் பாடுறா, வெறும் காத்துதான் வருது. நீங்களே சொல்லுங்க, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஒரு பொம்பளை என்ன செஞ்சா குரல் போகும்?"

போலீஸ்காரன் இருமிவிட்டுக் கூரையைப் பார்த்தான். ஒர்னெல்லா தன் செருப்பைப் பார்த்தாள்.

"அப்புறம் சில்லறை" என்றார் சவெல்லி, இன்னும் தாழ்ந்த குரலில். "பர்ஸ் நிறைய சில்லறை வச்சிருப்பா. திங்கட்கிழமை ரொட்டி வாங்க ஒரு காசு இருக்காது. யாருக்குக் கொடுக்கிறா? அவன் என்ன, சில்லறைக்கு வர்றவனா?"

நான் அவர் நெற்றியைப் பார்த்தேன். இடது புருவத்துக்கு மேலே வட்டமாக, சிவப்பாக ஒரு தடம். முதல் பாதியில் யாரோ எறிந்த நாணயம் பட்ட இடம். எங்கள் அரங்கங்களில் நடுவர்மேல் அரிசி போடுவதில்லை, சில்லறைதான் போடுவோம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். ஒர்னெல்லா என் முகத்தைப் பார்த்தாள், அவர் நெற்றியைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உங்க சொந்த ஊர் எது?"

"கஸ்தெல்வேரோ."

"அங்கேயும் ஒரு அணி இருக்கே. இன்னைக்கு எங்கே ஆடுது?"

"ஊர்லயேதான். எல்லா ஆட்டமும் ஒரே நேரம். சொந்த ஊர்னால எனக்கு அங்கே வேலை போட மாட்டாங்க. நான் அந்த அரங்கத்துக்குள்ள போயே பல வருஷம் ஆச்சு."

"நீங்க அங்கே ஒருநாளும் வர மாட்டீங்கன்னு ஊருக்கே தெரியும்."

"தெரியும்."

"உங்க வீட்டம்மாவுக்கும் தெரியும். அந்த அரங்கத்துல காபிக்கடை இருக்கா? நம்பர் சொல்லுங்க."

"தோனினோ கடை. எதுக்கு?"

"அந்த டோக்கனைக் கொடுங்க."

நானே சுழற்றினேன். பின்னால் பெரிய இரைச்சலோடு ஒருவன் எடுத்தான்.

"தோனினோவா? அங்கே அரைநேரம் விட்டாச்சா?"

"எங்கே விட? சில்லறை மழை பெய்ஞ்சு ஆட்டம் நின்னு நின்னு ஓடுது. யாரு பேசறது?"

"புரூனான்னு ஒரு அம்மாவைத் தேடறேன். அங்கே வந்திருக்காங்களா?"

"புரூனாவா? எக்காளம் புரூனாவா?" அவன் சிரித்தான். "அதோ மூணாம் வரிசையில நிக்கிறாங்க. சில்லறை தீர்ந்துபோய் இப்பத்தான் என் கல்லாவுல நோட்டை நீட்டி மாத்திக்கிட்டுப் போனாங்க. பிப்ரவரியில ஒரு அக்கா டிக்கெட் வீணாப்போகுதுன்னு கூட்டிட்டு வந்தா. அன்னைலேர்ந்து இந்தப் பக்கம் வர்ற ரெஃப்ரிங்க காதுல பஞ்சு வச்சுக்கிட்டு வர்றாங்க. அணி வெளியூர் போனாலும் ரசிகர் பஸ்ல முதல் ஆளா ஏறிடுறாங்க. யாருன்னு சொல்லலையே? அவங்க புருஷன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க சார். அவரும் ரெஃப்ரியாம், பாவம்."

"போனை அந்தப் பக்கம் கொஞ்சம் நீட்டு."

நான் ரிசீவரை சவெல்லியின் காதில் வைத்தேன். காதில் வைக்க வேண்டிய அவசியமே இல்லை. சந்து முழுக்கக் கேட்டது. ஒரு பெண் குரல், கரகரத்து, உடைந்து, ஆனாலும் மற்ற எல்லாக் குரலுக்கும் மேலே ஏறி நின்றது.

"கொம்பா! டேய் கொம்பா! இங்கே என்ன ஊதிக்கிட்டு நிக்கிறே? உன் பொண்டாட்டி இப்போ எங்கே இருக்கான்னு போய்ப் பாருடா!"

சவெல்லி அசையவில்லை. வாய் திறந்தபடி இருந்தது. டோக்கன் தீர்ந்து போன் அறுந்தது. அப்புறமும் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என் மேலே இருபது வருஷக் கோபம்" என்றார் கடைசியில். "எல்லாத்தையும் கொண்டுபோய் வேற ரெஃப்ரி தலையில கொட்டுறா."

"உங்க தலைக்கு நல்லதுதானே?" என்றாள் ஒர்னெல்லா.

அவருக்குச் சிரிப்பு அடிவயிற்றில் ஆரம்பித்தது. பலகையில் உட்கார்ந்து, முழங்காலில் தலையை வைத்துக் குலுங்கினார். போலீஸ்காரனும் சேர்ந்துகொண்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டு சவெல்லி கேட்டார்:

"அப்போ மேல இருக்கிறவங்களுக்கு எதுவும் தெரியாதா?"

"தெரிய என்ன இருக்கு?"

"அப்போ ஏன் சொல்றாங்க?"

"உங்க வீட்டம்மாவைக் கேளுங்க" என்றேன்.

மணி அடித்தது.

இரண்டாம் பாதியில் சீஸ்தோ தடையை எடுத்துவிட்டான். கமிட்டியாவது கோட்டாவது என்று முதுகைத் திருப்பிக்கொண்டு கையை வீசினான். 'கொம்பன்' பழைய ராகத்தில், பழைய விரல்களோடு திரும்பி வந்தது. நான் தெ பியாஸியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"வாங்கலை" என்றேன்.

"ஆதாரம்?"

"பாத்துக்கிட்டே இருங்க. அந்த வார்த்தைக்குத்தான் சாய்ஞ்சுக்கிட்டு இருந்தார். இனிமே சாய மாட்டார்."

"வார்த்தைக்கா? இருபது வருஷமா எல்லா ரெஃப்ரியையும் சொல்ற வார்த்தைக்கா?"

"வீட்டு விஷயம். அது உங்களுக்கு வேண்டாம்."

அவர் நம்பவில்லை. என் வாழ்க்கையில் நான் சொன்னதை ஒருவன் நம்பாமல் இருந்தால் அவன்மேல் எனக்கு மரியாதை வரும். இரண்டு பேரும் ஆட்டத்தைப் பார்த்தோம். சவெல்லி ஊதினார். உள்ளூர்மேல் ஊத வேண்டியதை உள்ளூர்மேல், வெளியூர்மேல் ஊத வேண்டியதை வெளியூர்மேல். 'கொம்பன்' எழும்பும்போதெல்லாம் அவர் உதடு ஓரமாக நெளிந்தது. ஒருதடவை கூட்டத்தைப் பார்த்துத் தலையைக்கூட ஆட்டினார், தெருவில் தெரிந்தவரைப் பார்த்த மாதிரி. கூட்டத்துக்கு அது பிடிக்கவில்லை.

உள்ளூரும் விடவில்லை. ஹோலிஸ் கூடைக்குக் கீழே மலையாக நின்று ஒவ்வொன்றாகப் பறித்தான். கடைசி நிமிஷத்தில் ஒரே ஒரு பாயிண்ட்தான் குறை. பந்து கஸாலி கையில். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே புகுந்தான், எம்பினான், எதிராளியும் எம்பினான், கஸாலி குப்புற விழுந்தான், பந்து வளையத்தில் பட்டு வெளியே போனது.

"ஃபவுல்!"

கூரை பெயர்ந்துவிடும் என்று நினைத்தேன். நாலாயிரம் பேர். பாதிரியார். கட்டிலில் கிடந்தவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். எனக்குப் பக்கத்தில் ஒட்டகநிறக் கோட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தது. கை ஓங்கியிருந்தது, தொப்பி கீழே கிடந்தது. நடுவர் கமிட்டித் தலைவர் தொண்டை நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தார்:

"ஃபவுல்! குருடா! ஃபவுல்!"

நானும் நின்றுகொண்டிருந்தேன் என்பதை அப்போதுதான் கவனித்தேன். எனக்கும் அது ஃபவுலாகத்தான் தெரிந்தது.

சவெல்லி விழுந்தவனுக்கு இரண்டு எட்டு தள்ளி நின்றார். விசிலை வாயிலிருந்து எடுத்தார். கைகளை விரித்து, ஒன்றுமில்லை என்று காட்டினார். மணி அடித்தது. போர்தோலுங்கோ இரண்டாம் பிரிவுக்குப் போனது.

தெ பியாஸி கையை இறக்கினார். தொப்பியை எடுத்துத் தூசி தட்டினார். என்னைப் பார்க்காமல் உட்கார்ந்தார்.

"எனக்கு ஃபவுல் மாதிரிதான் தெரிஞ்சுது" என்றார்.

"எனக்கும்."

கீழே இருந்து ஒர்னெல்லா ஏறி வந்தாள். அவள் கூடைக்கு அடியில் நின்று பார்த்தவள். "எவனும் தொடவே இல்ல மாமா. தானா விழுந்தான். உங்க பையனும் சண்டைன்னா இப்படித்தான் விழுவான்."

தெ பியாஸி வெகுநேரம் தொப்பியைத் திருப்பிக்கொண்டிருந்தார். ஆடுகளத்தில் சில்லறை மழை ஆரம்பித்திருந்தது. போலீஸ்காரர்கள் கேடயத்தைக் கூரையாகப் பிடித்து, சவெல்லியை நடுவில் வைத்துச் சந்துக்குள் கொண்டுபோனார்கள்.

"விசில் அவன்கிட்டயே இருக்கட்டும்" என்றார் தெ பியாஸி. எழுந்தவர் திரும்பி, "நான் கத்தினதை எங்கேயும் சொல்லிட மாட்டீங்களே?" என்று கேட்டார்.

"'குருடா'ன்னீங்களே, அதையா?" என்றாள் ஒர்னெல்லா. "கொம்பன்னு சொல்லாம விட்டீங்களே, பெரிய மனசு."

சந்தின் கதவைச் சாத்தித் தாழ் போட்டிருந்தார்கள். வெளியே சீஸ்தோவின் ஆட்கள் கதவை முரசாக அடித்துக்கொண்டிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் சவெல்லி என் கையைப் பிடித்துக் குலுக்கினார், விட மறந்துபோனார். புருவத்துக்கு மேலே இப்போது இரண்டு வட்டம்.

"கூட்டம் கலையற வரைக்கும் இங்கேதான். வீட்டுக்கு ஒரு போன் போட்டுக்கட்டுமா?" என்றார்.

போட்டார். முக்கால் மணி நேரத்தில் மூன்று தடவை டோக்கன் திரும்பி வந்தது; நாலாம் தடவை எடுக்கப்பட்டது. டோக்கன் உள்ளே விழுந்தது. அவர் ரிசீவரைக் காதிலிருந்து சற்று விலக்கிப் பிடித்தார். நாங்கள் மூன்று பேரும், போலீஸ்காரனையும் சேர்த்து நாலு பேரும், தலையை ஒட்டிக்கொண்டோம்.

"புரூனா, நான்தான். என்ன, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ஜன்னலைத் திறந்து வச்சுட்டுத் தூங்கிட்டேன்" என்றது வெறும் காற்று. "தொண்டை கட்டிக்கிச்சு. ஆட்டம் எப்படி? என்ன அங்கே டம் டம்னு?"

"கதவை உடைக்கிறாங்க. நேரா ஊதினேன், உள்ளூர் தோத்துடுச்சு. நாலாயிரம் பேரும் என்னைக் கொம்பன்னாங்க."

மறுமுனையில் ஒரு இருமல் கேட்டது.

"ச்சீ!" என்றாள் புரூனா. "ஒரு மரியாதையான மனுஷனைப் பாத்து! என்ன ஜனங்களோ, என்ன வளர்ப்போ!"

"அதானே" என்றார் சவெல்லி. "என்ன வளர்ப்போ."